கம்பி போடாத கட்டைகள்

என் வேலை கான்கிரீட்டை உடைப்பது. காரைக்குடியில் இதைச் சொன்னால் பழைய வீடு இடிக்கிற கான்ட்ராக்ட்டா என்று கேட்பார்கள். இல்லை, கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், கூடவே ஆராய்ச்சி செய்கிறேன், புதிதாக ஊற்றி, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் கெட்டிப்பட்ட பிறகு உடைப்பேன் என்று விளக்குவேன். கேட்டவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

விஷயம் அவ்வளவு கஷ்டமானது இல்லை. கம்பி போடாத வெறும் கான்கிரீட்டில் விரிசல் விழுந்துவிட்டால் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முடிவதில்லை. விரிசலின் இரண்டு பக்கமும் வழுவழுப்பாக இருக்காது, ஜல்லிக்கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு பாதி மறு பாதியை ஒட்டிக் கீழே சறுக்கப் பார்த்தால், இந்தப் பக்கத்துக் கல் அந்தப் பக்கத்துக் கல்லில் முட்டி வழிமறிக்கும். பாகம் பிரிந்த பங்காளிகள் மாதிரி. பிரிந்தும் ஆயிற்று, ஆனால் ஒருவனை ஒருவன் நகரவும் விடமாட்டான். அப்படி விரிசலைத் தாண்டி ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு எவ்வளவு சறுக்கு விசை போகிறது, விரிசலின் வாய் அகலமாக ஆக அது எப்படிக் குறைகிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் ஒரு கணக்கு மாதிரியைக் கணினியில் உருவாக்குவதுதான் என் ஆராய்ச்சி. என் மனைவி இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வாள். "ஒடைஞ்சது எப்பிடி ஒடையாம இருக்குதுன்னு பாக்குறாக" என்பாள். எட்டு வருடத்தில் நான் எழுதிய எந்த முன்னுரையும் இதைவிடத் தெளிவாக இல்லை.

எட்டு வருடம் என்றேன். பகுதி நேர ஆராய்ச்சி என்பதால் அவ்வளவு ஆகிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அந்த ஆண்டோடு முடிகிறது. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் அடுத்த கல்வியாண்டில் வகுப்புக்கு வர வேண்டியதில்லை என்று கல்லூரியும் எழுத்தில் கொடுத்துவிட்டது. கணக்கு மாதிரி தயாராக இருந்தது. அது சொல்வது சரிதானா என்று பார்க்கக் கொஞ்சம் கான்கிரீட் கட்டைகளை உடைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவே பாக்கி. அதாவது, கட்டைகள் ஒழுங்காக உடைந்தால் எனக்கு வேலை இருக்கும், உடையாவிட்டால் இல்லை.

இதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் பிறந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கண்டிப்பாகவும் சொல்லியிருந்தேன். பெண் எடுத்த வீட்டில் போய், எனக்கு வேலை ஊசலாடுகிறது என்று எந்த மருமகன் சொல்வான்? அவர்களைப் பொறுத்தவரை நான் ஆசைக்காகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கட்டை ஊற்றித் தர முன்வந்தவன் என் மனைவியின் தம்பி. அவனை நான் மாப்பிள்ளை என்பேன், அவன் என்னை அத்தான் என்பான். கட்டட மேஸ்திரி. இந்த வட்டாரத்தில் அவன் ஊற்றிய தளத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை, ஒரு மயிரிழை விரிசல் விட்டதில்லை என்று பேர். அந்தப் பேரை அவன் நெற்றித் திருநீறு மாதிரி தினமும் புதிதாகப் பூசிக்கொண்டு கிளம்புகிறவன். அப்போது கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்குப் பின்கட்டில் புதிதாகக் குளியலறைகள் கட்டிக்கொண்டிருந்தான். கலவை மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்ததால் என் கட்டைகளையும் அங்கேயே ஊற்றுவதாக ஏற்பாடு.

முதல் ஆறு கட்டைக்கு இரும்பு அச்சுகளைக் கொண்டுபோய் வைத்தேன். அவன் அச்சுக்குள் எட்டிப் பார்த்தான்.

"கம்பி எங்கத்தான்?"

"கம்பி கிடையாது, மாப்பிள்ளை."

"கம்பி அப்புறம் வருதா?"

"வராது. வெறும் கான்கிரீட் மட்டும்."

சரி என்றான். ஐந்து நிமிடம் கழித்து, "எட்டு எம்எம்ல கொஞ்சம் துண்டு கெடக்கு, சும்மா வேணும்னா" என்றான். உப்பில்லாமல் சமைக்கச் சொன்னால் சமையல்காரர் எப்படித் தவிப்பாரோ அப்படித் தவித்தான். வேண்டாம் என்று நான்காம் முறை சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு முன்கோபம் உண்டு, அது ஊருக்கே தெரியும்.

"சரித்தான், சரித்தான். நீங்க வெயில்ல நிக்காதீக. அங்குட்டு நெழல்ல உக்காருங்க" என்றான்.

அக்காள் புருஷனை வெயிலில் நிற்கவைத்து வேலை பார்த்தான் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது. நாற்காலி வந்தது. டீ வந்தது, கூடவே வாழையிலைத் துண்டில் இரண்டு உளுந்த வடை வந்தது. ஆட்டோ ஓடுகிற சத்தம், மெஷின் சுற்றுகிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்தபோது ஆறும் ஊற்றி, மேல்மட்டம் கண்ணாடி போலத் தேய்த்து முடிந்திருந்தது.

இருபத்தெட்டு நாள் கழித்து ஆறையும் சோதனைக்கூடத்தில் உடைத்தேன். நடுக்கோட்டில் முதலில் ஒரு விரிசலை உண்டாக்குவோம். இரண்டு பாதியும் விலகி ஓடாதபடி வெளியே போல்ட் போட்டு இறுக்குவோம். பிறகு மெஷினில் வைத்து ஒரு பாதியை மட்டும் கீழ்நோக்கித் தள்ளுவோம். ஆறும் என் கணக்கு சொன்னபடியே உடைந்தன. எனக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடைசிக் கட்டையை உடைக்கும்போது, ஊற்றியவனுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளையையும் கூப்பிட்டேன்.

அவன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். கட்டை 'டக்' என்ற சத்தத்தோடு விரிந்தது. நான் கை தட்டினேன். சோதனைக்கூட உதவியாளர் செல்போனில் படம் பிடித்தார். மாப்பிள்ளை கை தட்டவில்லை. இரண்டாகக் கிடந்த கட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். காபி கூடக் குடிக்காமல் போய்விட்டான். வேலை அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து பன்னிரண்டு கட்டை தேவைப்பட்டது. இவற்றை வைத்துத்தான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். தயங்கித்தான் போன் செய்தேன், ஆனால் அவனே உற்சாகமாகப் பேசினான். "வாங்கத்தான், இந்தத் தடவ பாருங்க" என்றான். எதைப் பார்க்கச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை. போனேன். நாற்காலி, டீ, வடை எல்லாம் முறைப்படி வந்தன. இந்த முறை வடையோடு சட்னியும் வைத்திருந்தான்.

பன்னிரண்டில் முதல் கட்டையை மெஷினில் ஏற்றிய நாளை மறக்க முடியாது. விரிசலை உண்டாக்கவே படாத பாடு பட வேண்டியிருந்தது. விரிசல் விழுந்த பிறகு ஒரு பாதியைத் தள்ளினால் அது அசைய மறுத்தது. என் கணக்கு மாதிரி காட்டிய எல்லையை மெஷினின் முள் எப்போதோ தாண்டிவிட்டது. விரிசலின் வாய் அகலவே இல்லை. இரண்டாவது கட்டையும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. போல்ட்டைக் கழற்றினால் இரண்டு பாதியும் பிரிந்து விழ வேண்டும். விழவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன.

"சார், உள்ள எதும் இருக்குமோ?" என்றார் உதவியாளர்.

"உள்ளே கான்கிரீட் இருக்கும். வேறென்ன இருக்கும்?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு மனிதனுக்கு எட்டு வருடம் ஒன்றும் கிடைக்காமல் இருந்து, திடீரென்று ஏதோ கிடைத்த மாதிரி தெரிந்தால் அவனுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. நான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக முடிவு செய்தேன். எல்லாம் நம் ஊர் ஜல்லியின் மகிமை. இந்தப் பக்கத்துக் குவாரிக் கல்லுக்கு ஏதோ தனிச் சொரசொரப்பு இருக்கிறது, அதனால்தான் உலகத்தில் எங்கும் இல்லாத அளவுக்கு ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ராத்திரி பகல் பார்க்காமல் நாற்பது பக்கம் எழுதினேன். மாதிரியைப் பிரித்துப் போட்டு, புதிதாக ஒரு கெழுவைச் சேர்த்தேன். கையில் ஜல்லிக்கல்லை வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். அது எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் வித்தியாசமாகத்தான் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஜல்லி கிடப்பதைப் பார்த்து மனைவி ஒரு நாள் எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டாள். அதற்கும் சண்டை போட்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் பொதுவாக எதற்கும் அசையாதவர். அவரே நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு நாற்பது பக்கத்தையும் படித்தார். "இது பெரிய இடத்துக்குப் போகும்" என்றார். ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்களை வரவழைத்தார்.

கூட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. படங்களைக் காட்டினேன், ஜல்லியைக் காட்டினேன். வந்திருந்தவர்களில் மூத்தவர், உடைந்த முகத்தை நேரில் பார்க்கலாமா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், நானே ஏன் கேட்டுக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை. எல்லோரும் சோதனைக்கூடத்துக்குப் போனோம். ஒரு கட்டையை மேசைமேல் வைத்து, இரண்டு பாதியையும் பிரிக்கச் சொன்னார்கள். நான் இழுத்தேன். வரவில்லை. என் வழிகாட்டி மறுபக்கம் பிடித்தார். வரவில்லை. வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவரும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துக்கு இரண்டு பேராக நாங்கள் நாலு பேரும் ஒரு முழ நீளக் கான்கிரீட்டை வைத்து மஞ்சுவிரட்டு நடத்தினோம். வழிகாட்டி மூச்சிரைக்க, "என்ன ஒரு பிடிமானம், பாருங்கள்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். உதவியாளர் வழக்கம்போலப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரே போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சம்மட்டியை எடுத்து வந்து நாலு போடு போட்டார். கான்கிரீட் உதிர்ந்தது. உள்ளே கம்பி இருந்தது.

சும்மா ஒரு துண்டுக் கம்பி இல்லை. எட்டு எம்எம் கம்பியில் அளவெடுத்து வளைத்த குட்டிக் கூடு. ஒவ்வொரு மூலையிலும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தான். கூடு அச்சில் ஒட்டாமல் இருக்க அடியில் சின்னச் சின்ன கவர் பிளாக் கூட வைத்திருந்தான். மூத்த பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டிலிருந்த சின்ன டேப்பை எடுத்து அளந்தார். "கம்பிக்கு வெளியே விட்ட கவர் மிகச் சரியாக இருக்கிறது" என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார்.

அன்று மாலை மாப்பிள்ளைக்குப் போன் செய்து நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவன் அக்காளைக் கட்டியவன் என்ற உரிமையில் பேசினேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது உரிமையில் வந்த பேச்சு இல்லை. துரோகி என்ற வார்த்தையும் அதில் இருந்தது. அவன் ஒரே ஒரு பதில்தான் சொன்னான். "சரித்தான்" என்றான். போனை வைத்துவிட்டான்.

திரும்பினால் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"அவன் ஏன் கம்பி போட்டான்னு கேட்டீகளா?"

"கேட்க என்ன இருக்கு? கொழுப்பு."

"மொத ஆறு கட்ட ஒடைஞ்சுச்சுல்ல, அந்த வீடியோ ஊரெல்லாம் போச்சு. இவரு ஊத்துற காங்கிரீட்டு இம்புட்டுத்தான்னு போட்டு வாட்சப்புல சுத்துச்சு. புதுவயல்ல மில்லு கோடவுனுக்கு இவனத்தான் பேசி வச்சிருந்தாக. வீடியோ பாத்துட்டு வேணாம்னுட்டாக. நீங்க கை தட்டுறது வேற அதுல இருக்கு."

இது ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அத்தானிடம் சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும், நம்மால்தான் போயிற்று என்று நினைப்பார், சொல்லாதே என்று தம்பி சத்தியம் வாங்கிவிட்டானாம். நான் என் வேலை போகப்போவதை அவனுக்குத் தெரியாமல் மறைத்திருந்தேன், அவன் தன் வேலை போனதை எனக்குத் தெரியாமல் மறைத்திருந்தான். நடுவில் இவள் இரண்டு சத்தியத்தையும் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், கையில் இருந்தது இரண்டு மாதமும் சில நாட்களும். அதில் இருபத்தெட்டு நாள் கட்டை ஊறுவதற்கே போய்விடும். மாப்பிள்ளையைக் கேட்க முகமில்லாமல் வேறு ஆட்களைத் தேடினேன். ஒரு கொத்தனார் கம்பி இல்லை என்றதும், போலீஸ் கேஸ் ஏதும் வருமா என்று கேட்டார். இன்னொருவர், வெறும் கான்கிரீட் என்றால் சிமென்ட்டை மூன்று மடங்கு போட்டுவிடுகிறேன், கவலைப்படாதீர்கள் என்று தைரியம் சொன்னார். மூன்றாவது ஆள் சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் வண்டியில் கட்டுக்கம்பிச் சுருள் இருந்ததைப் பார்த்துவிட்டு நானே வந்துவிட்டேன். ஒழுங்காக உடைகிற மாதிரி கான்கிரீட் ஊற்ற ஊரில் ஆளே இல்லை.

கடைசியில் புதுவயலுக்கு வண்டியை விட்டேன். என்னால் கெட்ட பேரை நானே போய்ச் சரிசெய்துவிட்டு, அப்புறம் மாப்பிள்ளை முகத்தில் விழிப்போம் என்று எண்ணம். மில் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன, தவிட்டுத் தூசி மூக்கில் ஏறியது. முதலாளி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"அந்த வீடியோவுல ஒடைஞ்சது அவரு ஊத்துனதுதானே சார்?"

"அவர் ஊத்தினதுதான். ஆனா உடைக்கிறதுக்காகவே ஊத்தச் சொன்னது."

"ஒடைக்கிறதுக்குன்னு எவனாச்சும் ஊத்துவானா?"

"நான் ஊத்துவேன்."

அவர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் சுவரைப் பார்த்தார். வாயால் சொன்னால் புரியாது என்று, அவரைக் கை முட்டியை மடக்கச் சொன்னேன். நானும் மடக்கி, என் விரல் மூட்டுகளை அவர் மூட்டுகளின் இடுக்கில் பொருத்தினேன். இதுதான் விரிசல், இவைதான் ஜல்லி, இப்போது சறுக்கப் பாருங்கள் என்றேன். அவர் கீழே அழுத்தினார், நான் மேலே அழுத்தினேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். முதலாளியோடு வாத்தியாருக்கு என்ன தகராறு என்று ஒருவர் கேட்பது காதில் விழுந்தது.

"நல்லாத்தான் பிடிக்கிது" என்று கையை உதறினார் முதலாளி. "சரி சார். அவரு என் கோடவுனுக்குத் தளம் போட்டா விரிசல் விடாதுன்னு எழுதித் தருவீகளா?"

இங்கேதான் எட்டு வருடப் படிப்பு குறுக்கே நின்றது. "விடும்" என்றேன். "எல்லா கான்கிரீட்டும் விரிசல் விடும். யார் ஊத்தினாலும் விடும்."

பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே என்று நொந்துகொண்டேன். முதலாளி தன் போனை எடுத்து இன்னொரு வீடியோவைக் காட்டினார். அதில் நாலு பேராசிரியர்கள் ஒரு கட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அதிகமாக வியர்த்திருந்தவன் நான்.

"இது யாரு ஊத்துனது?"

"அதுவும் அவர்தான். உள்ளே கம்பி போட்டிருந்தார்."

"நீங்க போடச் சொன்னீகளா?"

"இல்லை. போடவே கூடாதுன்னு நாலு தரம் சொன்னேன்."

"வேணாம்னு சொன்ன எடத்துலயா போட்டாரு?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடச் சொன்ன கம்பியவே பாதி முழுங்குற காலம் சார் இது. யாருக்கும் தெரியாம, கைக்காசுல, கூடுதலா ஒருத்தரு கம்பி போட்டுருக்காருன்னா..." வாக்கியத்தை முடிக்காமல் கணக்கரிடம் திரும்பினார். "அந்த மேஸ்திரிக்குப் போனப் போடுங்கய்யா."

என் விளக்கத்தால் ஒரு நன்மையும் விளையவில்லை, என்னை மீறி அவன் செய்த காரியம்தான் அவனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. மோரைக் குடித்துவிட்டு நேரே கொத்தமங்கலத்துக்குப் போனேன்.

மாப்பிள்ளைக்குச் செய்தி வந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் நாற்காலிக்குக் குரல் கொடுத்தான், பிறகு போனில் நான் பேசியது ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டான். நான் உட்காரவில்லை.

"நான் பேசினது தப்பு, மாப்பிள்ளை" என்றேன்.

"விடுங்கத்தான்."

"பன்னிரண்டு கட்டை வேணும். கம்பி இல்லாமல்."

அவன் கொத்துக்கரண்டியைக் கழுவ ஆரம்பித்தான். "கம்பி போட்டதுக்குத்தான் அந்த மில்லு வேலையே திரும்பி வந்துருக்கு. இப்பப் போயி கம்பி இல்லாம ஊத்தச் சொல்றீக."

"உடையறது நல்லதுன்னு எப்படிச் சொன்னா உனக்குப் புரியும்? பிள்ளையார்பட்டியில் சிதறுகாய் போடறோம். சிதறினாத்தானே சந்தோஷப்படறோம்? அப்படி நினைச்சுக்கோ."

"தேங்காய நான் செய்யலயேத்தான்" என்றான்.

வேறு வழி தெரியாமல், அதுவரை அந்த வீட்டில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். இந்தப் பட்டம் வராவிட்டால் கல்லூரியில் எனக்கு வேலை இல்லை, இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொல்லக்கூடாதுன்னேன்."

"சும்மா ஆசைக்குப் படிக்கிறீகன்னுல்ல நெனச்சேன்" என்றான். கையைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு அச்சக் கொண்டாங்க" என்றான்.

மறுநாள் நாற்காலியை மறுத்து, வெயிலில் அச்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன். டீயையும் நின்றபடியே குடித்தேன். வேலைக்காரர்கள் யாரையும் அவன் தொடவிடவில்லை, கலவையைத் தானே அள்ளிப் போட்டான். ஒவ்வொரு அச்சும் பாதி நிறைந்ததும் அவன் கை இடுப்பில் செருகியிருந்த, கம்பி முறுக்குகிற குறட்டுக்குப் போகும். என்னைப் பார்ப்பான். கையை எடுத்துவிடுவான். பன்னிரண்டு முறையும் இது நடந்தது. நாலாவது அச்சுக்குப் பிறகு குறட்டைப் பிடுங்கி என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன், அப்புறமும் கை போனது.

சோதனை நாளன்று வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்தான். அதே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. உள்ளே வரமாட்டேன் என்று வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். உதவியாளரின் போனை நான் முதல் வேலையாக வாங்கிப் பூட்டிவிட்டேன்.

முதல் கட்டை சுத்தமாக விரிந்தது. தள்ளினேன். கல்லும் கல்லும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றன, விரிசலின் வாய் மெல்ல அகன்றது, விசை மெல்ல இறங்கியது. திரையில் என் பழைய மாதிரி வரைந்திருந்த கோட்டின் மேலேயே புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. இரண்டாவது கட்டையும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். ஒவ்வொரு 'டக்' சத்தத்துக்கும் ஜன்னல் வழியே வராந்தாவைப் பார்த்தேன். அவன் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடித் திறந்தான். பக்கத்தில் நின்ற மாணவன் ஒருவன், ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற மாதிரி இருக்கிறாரே, யார் சார் என்று என்னிடம் கேட்டான்.

பன்னிரண்டாவது கட்டையை உடைக்கும்போது மாலை நாலு மணி இருக்கும். போல்ட்டைக் கழற்றியதும் இரண்டு பாதியும் தனித்தனியாக விழுந்தன. எட்டு வருடம் முடிந்தது. எனக்கு வேலை இருக்கிறது, சோறு இருக்கிறது. உதவியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வராந்தாவுக்கு ஓடினேன்.

"முடிஞ்சது, மாப்பிள்ளை. பன்னிரண்டும் உடைஞ்சிருச்சு."

அவன் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிருங்கத்தான்" என்றான். "ஒண்ணாச்சும் நிக்கும்னு நெனச்சேன்."

பரவாயில்லை, மாப்பிள்ளை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவனைத் தேற்றினேன். தேற்றிக்கொண்டே இருந்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.